தொய்வில்லாத மூட்டை

குஷன் கடைக்காரருக்குத் தெருவில் ஊசி என்று பெயர். தொழிலால் வந்த பெயர் என்று அவர் சொல்லிக்கொள்வார். உடம்பால் வந்த பெயர் என்பது தெருவுக்கே தெரியும். சட்டையைக் கழற்றினால் விலா எலும்புகளை எண்ணிவிடலாம். அது யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று எந்த வெயிலிலும் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டுதான் மனுஷர் மெஷினில் உட்காருவார். அவர் மனைவி நேர்மாறு. நல்ல உயரம், அதற்கேற்ற அகலம். வாசலில் வந்து நின்றால் கடைக்குள் வெளிச்சம் குறைந்துவிடும். சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் பெரியக்கா. இருவரும் சேர்ந்து தெருவில் நடந்தால், ஊசியும் நூல்கண்டும் ஊர்வலம் போகிறது என்று கேலி கிளம்பும். பெரியக்கா கோபித்துக்கொள்ள மாட்டாள். நூல் இல்லாவிட்டால் ஊசி குத்துறதுக்குத்தான் லாயக்கு என்று திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுவாள்.

முன்னறை கடை, ஒரு திரைக்குப் பின்னால் வீடு. கடையில் வேலைப் பங்கீடு கடை திறந்த அன்றே முடிவானது. வெட்டுவது, தைப்பது, ஆணி அடிப்பது எல்லாம் ஊசி. தூக்குவது பெரியக்கா. மூன்று பேர் உட்காரும் சோபாவை ஒரு முனையில் அவள் ஒற்றை ஆளாகப் பிடிப்பாள். மறு முனையில் ஊசியும் பக்கத்துப் பட்டறை வெல்டரும் சேர்ந்து பிடித்தாலும் அந்தப் பக்கம்தான் தாழும். கத்தரிக்கோலைவிடக் கனமான பொருளைத் தூக்கவேண்டிய அவசியம் ஊசிக்கு வந்ததே இல்லை. ராஜா வாழ்க்கை என்று அதற்குப் பெயர், அது போகிறவரைக்கும் தெரியாது.

ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்த பெரியக்கா பிரஷ்ஷைக் கீழே விட்டாள். குனிந்து எடுக்கப் போனவள் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது கையும் வலது காலும் சொன்ன பேச்சைக் கேட்காதவையாகிவிட்டன. வாயும் கொஞ்சநாள் கோணிக்கொண்டிருந்து, பிறகு பழையபடி நேரானது. அதில் தெருவுக்கே பெரிய நிம்மதி. பெரியக்கா திட்டாத தெரு என்ன தெரு?

டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். படுத்தபடி விடக் கூடாது, தினமும் காலையிலும் மாலையிலும் எடுத்து நாற்காலியில் உட்கார வைக்கணும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகும், நெஞ்சில் சளி கட்டும் என்று. எடுப்பது யார்? முதல் நாள் ஊசி முயன்று பார்த்தார். அவளை அரை அடி நகர்த்துவதற்குள் அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு வெல்டரும் வெல்டர் மனைவியும் இரண்டு வேளையும் வந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். முகம் சுளிக்காத நல்ல மனுஷர்கள். ஆனால் அவர்கள் தூக்கும்போதெல்லாம் பெரியக்கா கண்ணை இறுக மூடிக்கொள்வாள். வாய் ஓயாமல் பேசுகிறவள், அந்த ஒரு நிமிஷம் மட்டும் செத்த மாதிரி இருப்பாள். அதைத்தான் ஊசியால் தாங்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பெரியக்காவின் தம்பி வந்தார். ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்ய வேண்டிய தூரத்தில் அவருக்குச் சொந்த வீடு, நல்ல வசதி. சின்ன வயதில் அக்காவின் இடுப்பிலேயே வளர்ந்தவர். வந்தார், பார்த்தார், ஊசியைத் தனியாகக் கூப்பிட்டு உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"மாமா, உங்களால முடியாது. ஒத்துக்குங்க. கீழ் ரூமையும் பாத்ரூமையும் அக்காவுக்குத் தோதா மாத்திக்கிட்டிருக்கேன். மூணு மாசம் ஆகும். முடிஞ்சதும் வேன் எடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போறேன். ரெண்டு ஆள் போட்டுப் பாத்துக்கறேன்."

மச்சான் கெட்டவராக இருந்திருந்தால் ஊசி சண்டை போட்டிருப்பார். நல்லவரோடு என்ன சண்டை போடுவது? கடையை மூடிவிட்டு நானும் அங்கே வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். உள்ளேயிருந்து பெரியக்காவின் குரல் வந்தது, நீங்க கடையை மூடுற அன்னைக்கு நான் மருந்தை நிறுத்துறேன் என்று. ரெண்டு பேரும் தம்பி வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதில் அவளுக்குச் சம்மதமில்லை. அப்படியானால் நீ மட்டும் போகிறாயா என்று ஊசி அன்று சாயங்காலம் கேட்டார். அவள் சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு, தூக்க ஆள் இருக்கிற இடத்தில்தானே நான் இருக்க முடியும் என்றாள்.

அது பதிலா, வருத்தமா, குத்தலா என்று ஊசிக்குப் பிடிபடவில்லை. ஒன்று மட்டும் பிடிபட்டது. மூன்று மாதத்துக்குள் அவளை ஒற்றை ஆளாகத் தூக்கத் தெரிந்தால் அவள் இங்கே இருப்பாள். தெரியாவிட்டால் திரைக்குப் பின்னால் காலிக் கட்டில்தான் இருக்கும்.

வெல்டருக்கு ஒரு பைத்தியம் உண்டு. மத்தியானம் சாப்பிடும்போது போனில் பலசாலிகளின் போட்டியைப் பார்ப்பார். பீரோ பீரோவாக ஆட்கள். கல்லுருண்டையைக் கட்டிப்பிடித்து மேடையில் ஏற்றுவார்கள், லாரியைக் கயிறு கட்டி இழுப்பார்கள். வேறு வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று ஊசி அதுவரை சிரித்துக்கொண்டிருந்தார். இப்போது போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இவர்களெல்லாம் முதல் நாள் எதைத் தூக்கியிருப்பார்கள் என்று கேட்டார்.

வெல்டருக்கு முகமெல்லாம் பல். அவர் தன் வாழ்நாளில் எதையும் தூக்கிப் பயிற்சி செய்தவரில்லை, ஆனால் பார்த்துப் பார்த்தே பண்டிதராகிவிட்டவர். எல்லாம் வீட்டில் செய்துகொள்கிற சாமான்தான் என்றார். மணல் மூட்டை, சிமெண்ட் வாளி, குழாய்க் கைப்பிடி, இவ்வளவுதான், நம்ம பட்டறைக் குப்பையிலேயே எல்லாம் கிடக்கிறது என்றார். நீளமான இரும்பு உருளை ஒன்றைத் தலைக்கு மேலே தூக்குவதற்காகச் செய்துதரட்டுமா என்றும் ஆசையாகக் கேட்டார். பெரியக்காவைத் தலைக்கு மேலே தூக்கி யாருக்குக் காட்டப் போகிறேன், அதெல்லாம் வேண்டாம் என்றுவிட்டார் ஊசி.

முதலில் வாளிகள். பெயிண்ட் வாளி இரண்டு எடுத்து, பாதிக்குக் கான்கிரீட் கொட்டி, இறுகுவதற்கு முன்பே குழாயை வளைத்து நட்டார்கள். வெல்டர் அவசரத்தில் ஒரு கைப்பிடியை ஓரமாக நட்டுவிட்டார். அந்த வாளி நடக்கும்போதெல்லாம் திரும்பித் திரும்பி ஊசியின் முழங்காலுக்குக் கீழே உதைத்தது. அதை உடைத்துவிட்டு மறுபடி செய்தார்கள். கைக்கொன்றாக வாளியைப் பிடித்துக்கொண்டு கடை வாசலிலிருந்து விளக்குக் கம்பம் வரை போய்த் திரும்ப வேண்டும். முதல் வாரம் ஊசி கம்பம் வரை போனார். திரும்ப வெல்டர்தான் வாளிகளைக் கொண்டுவந்தார்.

அடுத்தது மூட்டை. இது தன் துறை என்பதால் ஊசி யாரையும் கிட்டே சேர்க்கவில்லை. வெல்டர் வீடியோவில் பார்த்ததைச் சொன்னார்: மணலைச் சின்னச் சின்னப் பைகளில் கட்டிக்கொள்ள வேண்டும், அவற்றைப் பெரிய பைக்குள் போட வேண்டும், பழகப் பழக ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். "வெளிப் பையில கால்வாசி காலியாவே விட்டுடுங்கண்ணே. மணல் உள்ள ஓடணும்."

ஊசி தலையை ஆட்டினாரே தவிர, காதில் வாங்கவில்லை. வாங்கவும் முடியாது. குஷன் வேலையில் தொய்வு என்பது கெட்ட வார்த்தை. தைத்து முடித்ததும் முஷ்டியால் ஒரு குத்து விடுவார், குழி விழுந்தால் பிரித்துப்போட்டு மறுபடி அடைப்பார். மூலை நிற்கவில்லை என்றால் சோறு இறங்காது. அந்தக் கை போய்க் கால்வாசி காலியாக ஒரு பையைத் தைக்குமா? லாரி சீட்டுக்குப் போடும் தடித்த ரெக்சினை எடுத்தார், இரட்டைத் தையல் போட்டார், ஓரம் விறைப்பாக நிற்க உள்ளே கயிறு வைத்துப் பைப்பிங் கொடுத்தார். மணல் பைகளுக்கு நடுவே இருந்த இடுக்கிலெல்லாம் பழைய பஞ்சைத் திணித்தார். இரண்டு பக்கமும் பிடி. நாலு மூலையும் விறைப்பாக நின்றது. வெல்டர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, மூட்டை தைக்கச் சொன்னால் முதலாளி உட்காருகிற சீட்டைத் தைத்து வைத்திருக்கிறீர்களே என்றார். ஊசி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

மத்தியானத்தில் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டுப் பயிற்சி நடந்தது. பெரியக்காவிடம் சோபா வேலை என்று சொல்லி வைத்திருந்தார். மூட்டை கையிலிருந்து நழுவித் தரையில் விழும் சத்தம் தொப் தொப்பென்று திரைக்கு அந்தப் பக்கம் கேட்கும். அந்தச் சோபாவுக்கு அப்படி என்ன கோபம், தினமும் கீழே விழுந்து புரளுது என்று உள்ளேயிருந்து கேள்வி வரும். கால் ஆடுது, சரிபண்றேன் என்று இவர் மூச்சிரைக்கச் சொல்வார். இப்படி மூச்சு வாங்குகிற சோபா வேலையை முப்பது வருஷத்தில் அவள் கேட்டதில்லை. ஆனாலும் மேற்கொண்டு ஒன்றும் கேட்க மாட்டாள்.

உடம்பு முதலில் அழுதது. இடுப்பு பிடித்துக்கொண்டது, உள்ளங்கை தோலுரிந்தது, ஊசியில் நூல் கோக்கும்போது விரல் நடுங்கியது. பிறகு மெல்ல மெல்ல வசத்துக்கு வந்தது. இரண்டு தட்டு சாப்பிட்டார். ஊசி கடப்பாரையாகிக்கொண்டு வருகிறது என்று தெருவில் பேச்சு அடிபட்டது. ஆஸ்பத்திரியில் எடுத்த பெரியக்காவின் எடை அவருக்கு மனப்பாடம். பஞ்சு இருந்த இடத்தில் பை பையாகச் சேர்த்து, ஒரு நாள் மூட்டை அந்த எடைக்கு வந்து நின்றது. அதைக் கட்டிப்பிடித்து எழுந்து, வாசல் வரை நடந்து, திரும்பி வந்து மேஜைமேல் வைத்தார். மனுஷருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை என்பதால் துடைக்கவும் இல்லை.

அன்று மாலை வெல்டர் வீட்டாரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். இன்றைக்கு நான் தூக்குகிறேன் என்றார். பெரியக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "முடிவே பண்ணிட்டீங்களா? சரி" என்றாள்.

குனிந்தார். மூட்டையைக் கட்டிப்பிடிக்கிற மாதிரியே அவள் முதுகுக்குப் பின்னால் இரண்டு கையையும் கோத்தார், மூச்சை இழுத்தார், எழுந்தார். மூட்டையின் ஒரு முனையை இழுத்தால் முழு மூட்டையும் வரும். பெரியக்கா அப்படி வரவில்லை. தோள் வந்தது, இடுப்பு கட்டிலிலேயே இருந்தது. இடுப்பு வந்தபோது தலை அந்தப் பக்கம் சாய்ந்தது. மொத்தப் பாரமும் வலது பக்கமாக ஓடியது. பிடிக்க மூலையும் இல்லை, பிடியும் இல்லை. அவள் அவர் கைகளுக்குள்ளேயே வழிந்து இறங்கினாள். கோத்த கையை மட்டும் ஊசி விடவில்லை. விடாததால் அவரும் கூடவே சரிந்து, தரையில் அவர் கீழேயும் அவள் மேலேயுமாகக் கிடந்தார்கள்.

பெரிய அடி ஒன்றுமில்லை. அவளுக்கு முழங்கை கன்றிப்போயிற்று, அவருக்கு முட்டி. வெல்டரைக் கூப்பிடுங்க என்று மட்டும் பெரியக்கா சொன்னாள். அவர்கள் வந்து தூக்கினார்கள். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அன்று விளக்கு வைத்த பிறகு இடது கையாலேயே போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டு, வேலை முடிந்ததும் வந்துவிடு என்றாள். திரைக்கு இந்தப் பக்கம் நின்று ஊசி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் மெஷினில் உட்காரப் பிடிக்காமல் மூட்டைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். பழக்கதோஷத்தில் கை தானாகப் போய் அதை ஒரு குத்து குத்தியது. குழி விழவில்லை. நாலு மூலையும் நின்றபடி நின்றன. அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் தூக்கிக்கொண்டிருந்தது ஒரு குஷனை! எந்த மனுஷிக்கு நாலு மூலை இருக்கிறது? எந்த உடம்புக்குப் பைப்பிங் வைத்துத் தைத்திருக்கிறது? வெல்டர் படித்துப் படித்துச் சொன்னாரே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பிளேடை எடுத்துத் தையலைப் பிரித்தார். நல்ல தையலைப் பிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது தைத்தவனுக்குத்தான் தெரியும். பஞ்சையெல்லாம் பிடுங்கி எறிந்தார். சின்னப் பைகளையும் அவிழ்த்து, மணலைக் கொஞ்சம் குறைத்து, வெறுமனே உள்ளே கொட்டினார். கால்வாசி காலியாக விட்டு, பிடி வைக்காமல், மூலை வைக்காமல் வாயைத் தைத்தார். மூட்டை தரையில் பரப்பிக்கொண்டு கிடந்தது. பார்க்கவே அவமானமாக இருந்தது. முன்னைவிடக் கனமும் குறைவு, ஆனால் அசைக்க முடியவில்லை. இந்தப் பக்கம் எடுத்தால் அந்தப் பக்கம் ஓடியது, அந்தப் பக்கம் பிடித்தால் நடுவில் தொங்கியது.

வெல்டரின் போனை வாங்கி அதே போட்டியை மறுபடி பார்த்தார். இப்போது வேறொன்று கண்ணில் பட்டது. அந்த பீரோ ஆட்கள் ஒரேயடியாகத் தூக்குவதில்லை. முதலில் குந்தி உட்கார்ந்து மூட்டையைத் தழுவி மடிக்கு ஏற்றுகிறார்கள். மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் பொறுக்கிறார்கள். மணல் ஓடி அடங்கட்டும் என்று மூச்சு விடுகிறார்கள். அப்புறம்தான் எழுகிறார்கள். ஊசியும் அதையே செய்தார். மூட்டை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமே உடம்பைக் கொடுக்கப் பழகினார். எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப ஏற்றினார்.

ஒரு மத்தியானம் வேர்த்துக் கொட்ட உள்ளே தண்ணீர் குடிக்க வந்தவரை பெரியக்கா நிறுத்தினாள். இப்போதெல்லாம் சத்தம் வேறு மாதிரி வருகிறதே, முன்பு தொப்பென்று விழும், இப்போது பொத்தென்று சரிகிறதே என்றாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று ஊசி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வாளி, மூட்டை, பைப்பிங், பஞ்சு, ஒன்றையும் விடவில்லை. அன்றைக்கு நாம் விழுந்தது மூட்டை செய்த தப்பு என்று முடித்தார்.

"மூட்டை மேல பழியப் போடாதீங்க" என்றாள் பெரியக்கா. "அன்னிக்கு என் இடது கை எங்க இருந்துச்சு, பாத்தீங்களா?"

அவர் பார்க்கவில்லை.

"சும்மா தொங்கிக்கிட்டு இருந்துச்சு. நாந்தான் தொங்க விட்டேன். உங்க கழுத்தப் பிடிச்சா நீங்க தூக்கிடுவீங்க. ஒரு தடவ தூக்கிட்டா தெனமும் தூக்குவீங்க, உங்களப் பத்தி எனக்குத் தெரியாதா? முதுகு போயிடும். அப்புறம் நம்ம ரெண்டு பேரையும் யார் தூக்கறது?"

ஊசிக்கு அவள்மேல் கோபம் வந்து முப்பது வருஷத்தில் யாரும் பார்த்ததில்லை. அன்று வந்தது. தலையில் அடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கத்தினார். கத்திய பிறகுதான் அவள் அழுதுகொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

"நான் பிடிக்கலைன்னா நீங்களே பாதியில கட்டில்மேல வச்சிடுவீங்கன்னு நெனச்சேன்" என்றாள். "நீங்க விடவே இல்லையே. தரை வரைக்கும் விடலையே."

ஊசி செம்பைக் கீழே வைத்தார். "நீ இல்லாத வீட்ல எனக்கு முதுகு எதுக்கும்மா?"

சொல்லிவிட்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் திரையைப் பார்த்தார். பெரியக்கா இடது கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அழுகை நின்றதும் வாய் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. இத்தனை நாளாக மூட்டையோடு மல்லுக்கட்டத் தெரிந்தது, என்னிடம் ஒரு வார்த்தை, தூக்கட்டுமா என்று கேட்கத் தெரியவில்லையா என்றாள். இப்போது கேட்கட்டுமா என்றார். இப்போது வேண்டாம், வேர்வை நாற்றம் குடலைப் புரட்டுகிறது, அதுவுமில்லாமல் நானும் யோசிக்கணும், தம்பி வரட்டும் என்றாள். அவள் மனதில் என்ன இருக்கிறது என்று அதற்குப் பிறகும் அவருக்குத் தெரியவில்லை. மூட்டையிடம் திரும்பிப் போனார்.

மச்சான் சொன்னபடி வேனோடு வந்தார், கூடவே திடகாத்திரமான ஒரு டிரைவர். பெரியக்காவின் துணிப்பை தயாராகக் கட்டில் காலருகே இருந்தது. அதை வெல்டர் மனைவியைக் கூப்பிட்டு அடுக்க வைத்தவள் பெரியக்காதான். அதைப் பார்த்ததிலிருந்து ஊசிக்குக் கை கால் ஓடவில்லை. வெல்டர் வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். மச்சானும் டிரைவரும் ஆளுக்கொரு பக்கம் குனிந்தார்கள்.

"இருடா" என்றாள் பெரியக்கா. தம்பி நிமிர்ந்தார். அவள் புருஷனைப் பார்த்தாள்.

ஊசி முன்னால் வந்தார். "தூக்கட்டுமா?" என்றார்.

வெளியே வேன் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ போய் அதை அணைத்தார்கள்.

"தூக்குங்க" என்றாள்.

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் அவளைத் தழுவி, முதலில் தோளை, பிறகு இடுப்பை, கடைசியில் காலை, தன் மடிக்கு ஏற்றிக்கொண்டார். டிரைவர் கூச்சப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊசி அவசரப்படவில்லை. பாரம் ஓடி அடங்கும் வரை பொறுத்தார். அவள் மூச்சு காதருகே கேட்டது. எழுந்தார். எந்த மூட்டையும் இப்படிக் கனத்ததில்லை. பாரம் வலது பக்கம் ஓடத் தொடங்கியது, அவரும் அந்தப் பக்கமே உடம்பைக் கொடுத்தார். அதற்கு மேல் கொடுக்க உடம்பு இல்லை. இனி தரைதான் என்று நினைத்த நேரத்தில் பின்னங்கழுத்தில் சட்டைக் காலரை ஒரு கை இறுகப் பிடித்தது.

இடது கை. கழுத்துப் பொத்தான் தெறித்துப் போய்ச் சுவரில் பட்டது. ஊசி ஓரடி எடுத்து வைத்து, திரும்பி, அவளை நாற்காலியில் உட்கார வைத்தார். நிமிர்ந்து பார்த்தபோது பெரியக்கா கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தாள்.

மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. எதை வைத்துப் பழகினீர்கள் என்று கேட்டு, வெல்டர் காட்டிய மூட்டையைத் தூக்கிப் பார்க்கப் போனார். அது அவர் கைக்குள் வழிந்து ஓடி, அவரைத் தரையில் உட்கார வைத்து, மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. பெரியக்கா சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது. மூட்டைக்கு அடியில் இருந்தபடியே மச்சான், அப்போ நீ வரவில்லையா அக்கா என்றார். அந்தத் துணிப்பையை எடுத்து உள்ளே வை என்றாள் அவள். அவர் வருத்தப்படத்தான் செய்தார். ரூம் எப்போதும் அப்படியே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் ஒரு போன் போடு என்று சொல்லி, அக்காவின் கையை ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் காலையில் ஊசி உற்சாகமாக உள்ளே வந்து, தூக்கட்டுமா என்றார். பெரியக்கா இடது கையை எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு நான் பிடிக்க மாட்டேன்."

ஊசிக்குப் பகீரென்றது. நேற்று கைகொடுத்தவள் இன்றைக்கு மனசு மாறிவிட்டாளா?

"பயப்படாதீங்க" என்றாள். "ஆஸ்பத்திரியில டாக்டர் உங்கள வெளிய கூட்டிட்டுப் போய் மெல்ல சொன்னது எனக்கும் கேட்டுச்சு. இந்த வாதம் இன்னொரு தடவ வந்தா இந்தக் கையும் போயிடலாம்னாரே. அன்னிக்கும் நீங்கதானே தூக்கணும்? இப்பவே பழகிக்குங்க. என்னை மூட்டைன்னே நெனச்சுக்குங்க."

அவர் எத்தனையோ நாளாக நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்த விஷயம் அது. அவளுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். தழுவினார், மடிக்கு ஏற்றினார், பொறுத்தார். அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றி, கையைத் தொளதொளவென்று தொங்க விட்டிருந்தாள். எழுந்தார். கால் நடுங்கியது, ஆனால் நின்றது. நாற்காலிப் பக்கம் பாதி திரும்பியிருப்பார், பின்னங்கழுத்தில் காலர் இறுகியது.

"பிடிக்க மாட்டேன்னே?" என்றார் மூச்சு வாங்கியபடி.

"சும்மா நடங்க. நாளைக்கு விட்டுடறேன்."

மறுநாளும் பிடித்தாள். அதற்கு மறுநாளும் பிடித்தாள். ஊசி அந்த வாரமே தன் சட்டைகளையெல்லாம் எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, கழுத்துப் பொத்தான்களை இரட்டை நூலில் தைத்தார்.